மூன்றாவது முறை கேட்கும்வரை

நான் ஒழுக்கம் படிக்கப் போனதற்குக் காரணம் லிப்ட்.

கனடாவில், டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துக்கு இரண்டு லிப்ட்கள். ஒன்று நாங்கள் குடிவந்த நாளிலிருந்தே நோயாளி. மற்றது கொஞ்சக் காலம் தனியாக எல்லோரையும் சுமந்து பார்த்துவிட்டு, போதும் என்று தானும் படுத்துவிட்டது. நான் இருப்பது ஒன்பதாம் மாடி. கார் உதிரிப்பாகம் செய்கிற பக்டரியில் காலை ஷிஃப்ட் முடித்து மூன்றரைக்கு வந்து சேர்ந்தால் ஒன்பது மாடி ஏற உடம்பில் தெம்பு இருக்காது. அதனால் லிப்ட் வேலை செய்யாத நாட்களில் பக்கத்து நூலகத்தில் போய் உட்கார்ந்து கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வருவது என் வழக்கமாகிவிட்டது.

அங்கேதான் அந்த அறிவித்தலைப் பார்த்தேன். பண்டைய நற்பண்புகளும் அமெரிக்கத் தலைவர்களும். ஆறு செவ்வாய்க்கிழமைகள், மாலை நான்கு மணி, இலவசம், தேநீரும் பிஸ்கட்டும் உண்டு. இலவசமும் சூடான அறையும் பிஸ்கட்டும் சேர்ந்தால் நான் எந்தத் தத்துவத்தையும் கேட்கத் தயார். அதோடு எல்லைக்கு அந்தப் பக்கம் யாராவது தும்மினால் எங்கள் பக்டரியில் ஓவர்டைம் நிற்கிற காலம் இது. அந்த நாட்டுத் தலைவர்களின் ஒழுக்கம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கும் உரிமை உண்டு என்று நினைத்தேன்.

நடத்தியவர் அமெரிக்காவில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. கனடாக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். தன் நாட்டைப் பற்றிப் பேசும்போது ‘நாங்கள்’ என்று தொடங்கி, வகுப்பைச் சுற்றிப் பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு ‘அவர்கள்’ என்று மாற்றிக்கொள்வார். வகுப்பில் எட்டுப் பேர். அதில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா ஒவ்வொரு கிழமையும் கையை உயர்த்தி, அமெரிக்கர்களுக்கு வெட்கம் போய்விட்டது என்பார். சொல்லிவிட்டு, தன்னடக்கத்தைப் பற்றிப் பாடம் நடந்த அன்று, கிறீம் பிஸ்கட் முழுவதையும் அவரே முடித்தார்.

நற்பண்புகள் நான்கு என்றார் பேராசிரியர். விவேகம், துணிவு, தன்னடக்கம், நீதி. கிரேக்கர்கள் சொன்னது, ரோமர்கள் எடுத்துக்கொண்டது, அமெரிக்காவை உண்டாக்கியவர்கள் இரவல் வாங்கியது. அப்புறம் அந்தக் கதையைச் சொன்னார். ரோமாபுரியில் ஒரு விவசாயி. எதிரி வந்து சூழ்ந்ததும் ஊர்ப் பெரியவர்கள் அவருடைய வயலுக்குப் போய், எங்களுக்குத் தலைமை தாங்கு என்கிறார்கள். அவர் போகிறார், வெல்கிறார். ராஜாவைப்போல இருந்திருக்கலாம். இருக்காமல், அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி ஏரைப் பிடிக்கிறார். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியும் அந்தக் கதையை மனதில் வைத்துத்தான் பதவியை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனாராம்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஜமேக்காக்காரருக்குப் புல்லரிக்கவில்லை. அதுவரை அந்த ஜனாதிபதியின் தோட்டத்தைக் கொத்தியது யார் என்று கேட்டார். அடிமைகள்தான் என்று பேராசிரியர் ஒத்துக்கொண்டார். அது அடுத்த கிழமைப் பாடம் என்றார். நான் அந்தக் கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதிகாரத்தை வேண்டாம் என்பவனே அதிகாரத்துக்குத் தகுதியானவன் என்ற ஒரு வரியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒன்பது மாடியும் ஏறி வீட்டுக்குப் போனேன். அன்று மூச்சு வாங்கியதுகூட எனக்குத் தெரியவில்லை.

அந்த வரி எனக்கு ஏன் இவ்வளவு இனித்தது என்று இப்போது தெரிகிறது. எங்கள் தமிழ் ஆட்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய விஷயம். ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இப்போதுதான் குடித்தேன் என்று பொய் சொல்ல வேண்டும். இரண்டாவது முறையும் கேட்பார்கள், உங்களுக்கு ஏன் கரைச்சல் என்று நெளிய வேண்டும். மூன்றாவது முறை கேட்கும்போது, சரி, அரைக் கோப்பை என்று ஒத்துக்கொண்டு முழுக் கோப்பை குடிக்க வேண்டும். முதல் கேள்விக்கே ஓம் என்று சொல்பவனை நாங்கள் பின்னால் பேசுவோம்.

ஊர்ச் சங்கத்துத் தலைவர் தெரிவும் இதே சடங்குதான். ஒருவருடைய பெயரைப் பிரேரிப்பார்கள். அவர் எழுந்து, என்னை விட்டுவிடுங்கோ, பிரஷர் இருக்கிறது, இளம் ஆட்கள் வரட்டும் என்பார். சபை வற்புறுத்தும். அவர் மறுப்பார். பின்வரிசையில் இருந்து யாராவது, அண்ணையை விட்டால் வேறு ஆள் இல்லை என்று குரல் கொடுப்பார்கள். அப்புறம்தான் அவர் வெட்டக் கொண்டுபோகிற ஆடு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மேடைக்குப் போவார். போனதும் சட்டைப் பையில் இருந்து நான்கு பக்க ஏற்புரையை எடுப்பார்.

எங்கள் கட்டடத்துக் குடியிருப்பாளர் சங்கத்துக்கும் அந்த வருடம் தலைவர் தேவைப்பட்டார். லிப்ட் விஷயத்தில் நிர்வாகத்தோடு மல்லுக்கட்ட ஓர் ஆள் வேண்டும். என் பெயர் எப்படி அடிபட்டது என்றால், அதற்குக் காரணம் நாங்கள் அன்ரி என்று கூப்பிடும் பதினோராம் மாடி அம்மா.

அவர் எழுபதைத் தாண்டியவர். கணவர் இறந்த பிறகும் அதே வீட்டில் தனியாக இருந்தார். ஒரு முழங்கால் மாற்றியாயிற்று, மற்றது மாற்றக் காத்திருந்தது. மகன் அஜக்ஸில் வீடு வாங்கி, நிலத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மன்ற்றைத் தாய்க்கென்றே திருத்தி வைத்திருந்தான். அவன் கெட்டவன் இல்லை. லிப்ட் இல்லாத கட்டடத்தில், ஒற்றை முழங்காலோடு, பதினோராம் மாடியில் தாய் இருப்பதை எந்த மகன்தான் பார்த்துக்கொண்டிருப்பான்? லிப்ட் சரிவராவிட்டால் வசந்த காலம் முடிவதற்குள் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டான். அன்ரிக்குப் போக விருப்பமில்லை.

“இது என்ர வீடு, தம்பி,” என்றார் ஒருநாள். “நான் பூட்டினா நான்தான் திறக்கோணும். அங்க போனா மற்றாக்களிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வெளியில போகோணும். நீர் தலைவரா வாரும். நீர் இங்கிலிசில நாலு கடிதம் எழுதினா உந்த லிப்டுக்கு ஒரு வழி பிறக்கும்.”

பார்ப்போம் அன்ரி என்றேன். வாய் அப்படிச் சொன்னதே ஒழிய, அன்று மாலையே ஏற்புரை எழுத உட்கார்ந்துவிட்டேன். ரோமாபுரி விவசாயி முதல் பந்தியிலேயே வந்தார். லிப்ட் மூன்றாவது பக்கத்தில் வந்தது. என் மனைவி வாசித்துவிட்டு, லிப்டை முன்னுக்கும் விவசாயியைக் குப்பைக் கூடைக்கும் அனுப்பச் சொன்னாள். அவளுக்குத் தத்துவம் பிடிபடாது என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, கீழ்த்தள மண்டபத்தில். வந்தவர்கள் முப்பது பேர் இருக்கும், பாதிக்கு மேல் தமிழர். நடத்தியவர் நான்காம் மாடியில் இருக்கும் பிலிப்பினோ தாதி. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து, அரைகுறைத் தூக்கத்தில் எழும்பி வந்திருந்தார். அவருக்கு நித்திரை வேண்டும், எங்களுக்கு லிப்ட் வேண்டும், ஆகையால் விறுவிறுவென்று போனார். என் மாடியில் இருக்கிற மட்டக்களப்புக்காரர் எழுந்து என் பெயரைப் பிரேரித்தார். முன்வரிசையில் இருந்த அன்ரி முழுக் கையையும் உயர்த்தி வழிமொழிந்தார்.

நான் எழுந்தேன். இடது பையில் உரை இருந்தது, தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மிகவும் நன்றி, ஆனால் இந்தச் சபையில் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து உட்கார்ந்தேன். அந்தச் சாய்வைக் கண்ணாடிக்கு முன் நின்று பழகியிருந்தேன்.

தாதி, சரி என்று சொல்லி, என் பெயரை ஒரே கீறில் வெட்டினார்.

நான் இரண்டாவது முறைக்காகக் காத்திருந்தேன். தமிழர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் அவர்களைப் பார்த்தேன். மட்டக்களப்புக்காரர் வற்புறுத்துவதற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்து முடிவதற்குள், பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் உட்காரும் வாங்கில் எல்லாம் தன் படத்தைப் போட்டிருக்கும் வீட்டு ஏஜென்ட் ஒருவர், அவரும் எங்கள் ஆள்தான், நான் செய்கிறேன், எனக்கு விருப்பம், என்னால் முடியும் என்று எழுந்து நின்றுவிட்டார். இரண்டு நிமிடத்தில் அவர் தலைவர். அடுத்த விடயம் குப்பைக் குழாய் என்றார் தாதி. என் நான்கு பக்க உரை பையிலேயே கிடந்து வியர்வையில் நனைந்தது.

வெட்கம் கெட்டவன் என்றுதான் நினைத்தேன். தானே தன்னைப் பிரேரிப்பதா? கூட்டம் முடிந்து வெளியே வரும்போது என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “கழுத்தில கத்தி வைச்சுக் கேப்பினம் எண்டு இருந்தனீங்களோ?”

லிப்ட் அன்றும் வேலை செய்யவில்லை. அன்ரி படிக்கட்டின் கீழே நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் ஸ்டூல். ஒவ்வொரு மாடியிலும் அதைப் போட்டு உட்கார்ந்து, ஆறி, மறுபடி இறங்கி வந்திருக்கிறார். இரண்டு மணிக் கூட்டத்துக்குப் பன்னிரண்டரைக்கே கதவைப் பூட்டினாராம். எனக்குக் கை உயர்த்துவதற்காக.

நான் ஸ்டூலை வாங்கிக்கொண்டு கூட ஏறினேன். முதல் மூன்று மாடிக்கு அவர் கைபிடியைப் பிடித்துப் படிகளை எண்ணிக்கொண்டு ஏறினார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. நான் செய்தது ஒரு முறையோடு செய்தது என்று விளங்கப்படுத்த வேண்டும்போல இருந்தது. ஐந்தாம் மாடியில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கும்போது, நான் சுவரில் சாய்ந்து நின்று ரோமாபுரி விவசாயியின் கதையை முழுவதும் சொன்னேன். பதவிக்கு ஆசைப்படாதவர்தான் நல்ல தலைவர் என்று முடித்தேன். அன்ரி கவனமாகக் கேட்டார். ஏழாம் மாடி வந்ததும் திரும்பினார்.

“அந்த மனுசனை வந்து கேட்ட உடன அவர் என்ன சொன்னவர்?”

“உடன வெளிக்கிட்டுப் போனவர், அன்ரி.”

“மூண்டுதரம் மாட்டன் எண்டு சொல்லேல்லையோ?”

இல்லை என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே அது உறைத்தது. அந்த ஆள் ஏரை விட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்டவுடனே போனவர். வேண்டாம் என்று சொன்னது வேலை முடிந்த பிறகு. நான் வேலையைத் தொடங்கும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவருக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தேன். ஆறு கிழமை வகுப்பில் பிஸ்கட் தின்றுகொண்டு நான் கேட்ட இலட்சணம் அதுதான்.

ஒன்பதாம் மாடியில் என் கதவைக் கடந்து ஏறினோம். பதினோராம் மாடியில் சாவியைத் தேடி எடுத்துக் கதவைத் திறந்து, ஸ்டூலை வாங்கிக்கொண்டார்.

“நீர் ஒருக்கா ஓம் எண்டு சொல்லியிருக்கலாம், தம்பி.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

புதிய தலைவர் சும்மா இருக்கவில்லை. முதல் கிழமையே எல்லாக் கதவுகளுக்கும் கீழால் ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. மேலே அவர் லிப்ட் பொத்தானை அமத்துகிற படம், கீழே ஸ்ரௌவ்விலில் வீடு வாங்க யோசிக்கிறீர்களா என்ற கேள்வி. லிப்ட்டில் ஒன்று ஒன்பது நாள் ஓடியது. அதற்கும் ஒரு படம் எடுத்தார். பத்தாம் நாள் நின்றதற்குப் படம் எடுக்கவில்லை. நானோ, ஒழுக்கம் கெட்டவர்கள் தலைவரானால் இப்படித்தான் என்று வகுப்பு நண்பர்களுக்கு விளக்கம் கொடுத்துக்கொண்டு திரிந்தேன். என் பக்கத்தில் இருந்து ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். தலைவர் அல்லாதவன் எழுதினால் வரம்பு மீறியதாகிவிடும் என்று எழுதவில்லை. அடக்கம் என்பது எவ்வளவு வசதியான பண்பு என்று எனக்குப் பழகப் பழகத்தான் தெரிந்தது.

மே மாதத்தில் மகன் வந்தான். இரண்டு நண்பர்களும் நானுமாக அன்ரியின் சாமான்களைப் படிக்கட்டால் இறக்கினோம். சாமிப் படங்களை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்காமல், சேலைத் தலைப்பில் சுற்றித் தானே கொண்டுவந்தார். கீழே வந்ததும் வீட்டுச் சாவியை நிர்வாக அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு வரும்போது வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு வந்தார். நீல ஸ்டூலை என்னிடம் தந்து, உமக்குத் தேவைப்படும் என்றார். நான் அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

செப்டெம்பரில் தலைவர் ஸ்ரௌவ்விலில் தானே ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். தான் கட்டடத்துக்கு ஆற்றிய சேவையைப் பாராட்டித் தானே எழுதிய கடிதத்தை வாசலில் ஒட்டிவிட்டுப் போனார். மறுபடி கூட்டம், மறுபடி அதே தாதி, அதே நித்திரைக் கண்கள். தலைவர் பதவிக்கு யாராவது என்று அவர் தொடங்கினார். வசனம் முடிய முதலே நான் எழுந்து நின்று, எனக்கு வேண்டும் என்றேன்.

என் ஐம்பத்து நான்கு வயதில் அப்படி ஒரு வெட்கம் கெட்ட காரியத்தை நான் செய்ததில்லை. காது இரண்டும் சுட்டது. எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மட்டக்களப்புக்காரர் என்னை வற்புறுத்த ஆயத்தமாக வந்தவர், வேலை இல்லாமல் போய் உட்கார்ந்துவிட்டார். மனைவி மட்டும் கையைத் தட்டினாள். ஏற்புரை எதுவும் இருக்கவில்லை.

நான்கு பண்புகளில் எதைப் பாவித்தேன் என்று கேட்டால், ஒன்றையும் இல்லை. நீல ஸ்டூலைப் பாவித்தேன். ஷிஃப்ட் முடிந்து மூன்றரைக்கு வந்து, நிர்வாக அலுவலக வாசலில் ஸ்டூலைப் போட்டு, ஐந்து மணிக்கு அவர்கள் பூட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். சண்டை பிடிக்கவில்லை. போகிறவர் வருகிறவரிடம் எல்லாம், லிப்ட் எப்போது என்று கேட்டேன். மூன்றாவது கிழமையில் முகாமையாளர் என்னைக் கண்டு பின்கதவால் போகத் தொடங்கினார். நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்கதவுக்குப் போனேன். நவம்பர் தொடக்கத்தில் புதிய மோட்டர் வந்து இறங்கியது. இன்றுவரை இரண்டு லிப்ட்டும் ஓடுகின்றன.

அதைச் சொல்ல அஜக்ஸுக்குப் போனேன். பேஸ்மன்ற்றுக்கு ஏழு படி. சுத்தமாக, சூடாக, பெரிய டிவியோடு இருந்தது. ஒரேயொரு சின்ன ஜன்னல், அதற்கு வெளியே காரின் டயர் தெரிந்தது. அன்ரி மெலிந்திருந்தார். லிப்ட் ஓடுகிறது என்றேன். நல்லது என்றார். ஆர் தலைவர் என்று கேட்டார். நான்தான் என்றேன். பதினோராம் மாடி வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒரு இளம் தம்பதி, அவர் கட்டியதைவிட நிறைய வாடகைக்கு வந்திருக்கிறார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு அரை வருடம் எடுத்திருக்கிறது. அதற்குள் ஒரு மனுசி தன் சாவியைக் கொடுத்துவிட்டார்.

“தேத்தண்ணி குடிக்கிறீரோ?” என்று கேட்டார்.

“வேண்டாம் அன்ரி, உங்களுக்கேன் கரைச்சல்,” என்றேன். வாய் பழக்கம்.

சரி என்றார் அன்ரி. இரண்டாவது முறை கேட்கவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அஜக்ஸ் வரை காரோடி வந்த தொண்டை எனக்கு வறண்டு கிடந்தது. அவரும் அதை அறிந்துதான் இருந்தார் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு சொன்னேன். “அன்ரி, எனக்குத் தேத்தண்ணி வேணும்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

“இதைத்தான், தம்பி, அண்டைக்குச் சொல்லியிருக்கோணும்,” என்று சொல்லிக்கொண்டு கேத்திலை வைக்கப் போனார்.